யட்சியை எரித்தது யார்?

பேய்ப்படம் பார்ப்பது குற்றமல்ல. எட்டு மணி நேரம் ரிங் பிரேமுக்கு நடுவே ஓடியாடி நூல் பிணைத்தவனும், முதுகு ஒடிய நாற்று நட்டுக் கரையேறியவளும் இரண்டு மணி நேரம் பயந்து, அலறி, பிறகு சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்றால் அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. உழைப்பவனுக்கும் பொழுதுபோக்கு வேண்டும். பயமும் ஒரு பொழுதுபோக்குத்தான்.

ஆனால் தோழர்களே, ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். படம் நம்மைப் பயமுறுத்துகிறது, சரி. யாரைக் கண்டு பயப்படச் சொல்கிறது?

கேரளத்தில் 2019 நவம்பர் மாதம் 'ஆகாசகங்கை 2' என்றொரு மலையாளப் படம் வெளிவந்தது. டைரக்டர் வினயன். 1999-ல் அவரே எடுத்து வசூலில் வெற்றிகண்ட 'ஆகாசகங்கை' படத்தின் இரண்டாம் பாகம் இது. முதல் படம் ஒரு பழைய கோவிலகத்தில் நடக்கிறது. இரண்டாவது படம் கல்லூரி மாணவர்களிடையே நடக்கிறது. கதாநாயகி டாக்டருக்குப் படிக்கிற பெண். கூட இருப்பவர்கள் அவளுடைய கல்லூரித் தோழர்கள். பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கிற இந்த இளைஞர் கூட்டத்தின் மேல்தான் பேய் ஏவிவிடப்படுகிறது!

இந்தப் பேய் யார்? அதைத் தெரிந்துகொள்ள முதல் படத்துக்குப் போக வேண்டும்.

மாணிக்கச்சேரி கோவிலகம் என்பது ஒரு தம்புரான் குடும்பத்து மாளிகை. அந்த வீட்டில் கங்கை என்று ஒரு வேலைக்காரப் பெண். வீட்டு இளைய தம்புரானுக்கும் அவளுக்கும் காதல். வேலைக்காரி எஜமானியாகிவிடுவதா? குல கௌரவம் என்னாவது? பெரிய தம்புரான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கங்கை உயிரோடு எரிக்கப்பட்டாள். எரிந்தவள் யட்சியாகி, தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தைத் துரத்துகிறாள். குடும்பத்தைக் காப்பாற்ற மந்திரவாதி வருகிறான். ஹோமம், சக்கரம், உடுக்கை எல்லாம் நடந்து யட்சி அடக்கப்படுகிறாள்.

இதுதான் கதை. இதை அப்படியே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் என்ன வழக்குப் பதிவாகும்? கொலை வழக்கு! கொலையாளி யார்? தம்புரான். கொலையுண்டவள் யார்? கூலிக்கு வேலை செய்த பெண். உடந்தை யார்? அந்தக் குடும்பம்.

சினிமாவில் என்ன நடக்கிறது? கொலையாளியின் பேரன் பேத்திகள் கதாநாயகன் கதாநாயகி ஆகிறார்கள். கொலையுண்டவள் வில்லி ஆகிறாள்! அவளைப் பிடிக்க ஆள் வரவழைக்கப்படுகிறான். "ஐயோ, இந்த நல்ல குடும்பம் தப்ப வேண்டுமே" என்று கொட்டகை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கங்கையின் ஜாதி, கங்கையின் வர்க்கம்! வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும், வயலில் களை பறிக்கிற பெண்ணும், தங்களைப் போன்ற ஒருத்தியை ஆணியடித்து அடக்கும்போது நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

இதுதான் வித்தை. காமிரா எந்த வீட்டுக்குள் நிற்கிறதோ அந்த வீட்டின் பயம் நம் பயமாகிவிடுகிறது. காமிரா கோவிலகத்தின் நடுக்கூடத்தில் நிற்கிறது. கங்கையின் குடிசையில் அது ஒருநாளும் நின்றதில்லை. அவளுடைய தாய் அன்றிரவு என்ன செய்தாள், அடுத்த நாளும் அதே வீட்டுக்கு வேலைக்குப் போனாளா என்று எந்தப் படமும் காட்டவில்லை.

கோவிலகத்தின் உண்மைக் கதை

கோவிலகமும் மனையும் வானத்திலிருந்து விழவில்லை. நிலம் ஜன்மியின் சொத்து. அதில் பாடுபடுகிறவன் பாட்டமும் கொடுத்து, காணிக்கையும் கொடுத்து, கைகட்டி நின்றான். அவனுக்கும் கீழே அடிமை இருந்தான். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டான், அடமானம் வைக்கப்பட்டான். மலபாரில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு போனது 1843-ல். திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வந்தது 1855-ல். காகிதத்தில் விடுதலை வந்த பிறகும், குடிசை போட்ட இடம் ஜன்மியுடையது. "நாளைக்குக் காலி செய்" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால், சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

1957 ஏப்ரலில் கேரளத்தின் முதல் மந்திரிசபை பதவியேற்ற சில நாட்களிலேயே குடியிறக்கத்தைத் தடுத்து அவசரச் சட்டம் போட்டது. ஜன்மி முறை சட்டப்படி முடிவுக்கு வந்ததோ 1970 ஜனவரி 1-ந் தேதி. ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரனுக்கு கிராமத்தில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் என்று உரிமை கிடைத்தது. மந்திரவாதியால் வந்ததல்ல இது. சங்கம் கட்டி, அடிபட்டு, சிறை சென்று ஜனங்கள் வாங்கியது.

அதற்கு முந்தைய காலத்தைச் சிந்தித்துப் பாருங்கள். தம்புரான் வீட்டுக்குள் ஒரு வேலைக்காரி செத்துக் கிடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் நியாயம் பேசுகிறவனும் தம்புரான், வரி வசூலிக்கிறவனும் தம்புரான், கோவிலுக்குத் தர்மகர்த்தாவும் தம்புரான். கோர்ட்டு இல்லை, சாட்சி இல்லை, சங்கம் இல்லை. அந்த ஊமை ஜனங்களுக்கு ஒரே ஒரு கோர்ட்டு இருந்தது. அதுதான் கதை! "அவள் சாகவில்லை. பனைமரத்தில் நிற்கிறாள். ஒருநாள் அவன் கழுத்தைக் கடிப்பாள்" என்று குடிசைக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். யட்சிக் கதை இப்படித்தான் ஏழையின் வாயில் உயிர் பிடித்தது. அது மூடநம்பிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூடநம்பிக்கைக்குள் நியாயம் கேட்கும் ஒரு குரல் இருந்தது.

நம் பக்கத்தில் இதற்குச் சாட்சி இருக்கிறது. மலையாளத்துப் பெயர்பெற்ற யட்சி கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு இருப்பது நாகர்கோவில் பக்கத்தில். 1956 வரை அது திருவிதாங்கூர்ச் சீமை, இன்று தமிழ்நாடு. யட்சி என்ற அதே சொல்தான் இயக்கி என்றும் இசக்கி என்றும் நம் வாயில் வழங்குகிறது. தென்பாண்டிச் சீமையில் இசக்கியம்மனுக்கு ஊருக்கு ஊர் கோவில் இருக்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண்ணின் கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிறார்கள். அழுதுகொண்டே கேட்கிறார்கள். அதே பெண்ணைக் கண்டால் கோவிலகத்துக்காரன் என்ன செய்கிறான்? ஆணி அடிக்க ஆள் தேடுகிறான்!

வித்தியாசம் விளங்குகிறதா? கொலையுண்டவளை உழைப்பாளி தெய்வமாக்கினான். கொலைசெய்தவன் அவளைப் பேயாக்கினான். சினிமா முதலாளி இரண்டாமவன் கையிலிருந்து கதையை வாங்கி நமக்கே டிக்கெட் போட்டு விற்கிறான்.

டாக்டருக்குப் படிக்கிற பெண்

இப்போது 2019-ம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். கதாநாயகி ஆரதி அதே கோவிலகத்து வாரிசு. மருத்துவ மாணவி. பேய் பிசாசை நம்பாதவள். இறந்தவர்களோடு பேச வைப்பதாகச் சொல்கிற ஒரு மந்திரவாதப் பெண்மணியிடம் அவளும் தோழர்களும் போகிறார்கள். அவ்வளவுதான், யட்சி வந்துவிடுகிறாள். நம்பாதவள் நம்பும்படி ஆகிறது. பிறகு பழைய ஹோமம், பழைய உடுக்கை.

கல்லூரி மாணவர்களை ஏன் கொண்டுவந்தார்கள்? கிராமத்துக் கிழவி பேயை நம்புவதில் சினிமாவுக்கு லாபம் இல்லை. அது பழைய சரக்கு. டாக்டருக்குப் படிக்கிறவளே மண்டியிட்டால்தான் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். "படித்த பிள்ளைகளுக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?" என்று நினைப்பார்கள். இந்த ஒரு நினைப்பை உண்டாக்கத்தான் கல்லூரி, ஸ்டெதஸ்கோப், வெள்ளைக் கோட்டு எல்லாம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முதல் படத்தில் யட்சியாக நடித்த மயூரி 2005-ல் காலமாகிவிட்டார். அவருடைய உருவத்தைக் கணிப்பொறியின் உதவியால் இரண்டாவது படத்தில் மறுபடி திரையில் நடமாட விட்டார்கள். பேயை உண்டாக்கியது யார்? விஞ்ஞானம்! கதையில் பேயிடம் தோற்பது யார்? அதே விஞ்ஞானம்! தன் கூலிக்காரனைத் தன் கையாலேயே அடித்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

"சினிமாவில் பேய் வந்தால் நமக்கு என்ன நஷ்டம்? கதைதானே?" என்று சிலர் கேட்கலாம்.

நஷ்டம் யாருக்கு என்று சொல்கிறோம். 2022 அக்டோபரில் கேரளத்தில் பத்தனம்திட்டை ஜில்லா இலந்தூரிலிருந்து ஒரு செய்தி வந்து நாட்டையே உலுக்கியது. இரண்டு பெண்கள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டிருந்தார்கள். செல்வம் பெருகும் என்று நம்பி நரபலி கொடுத்தார்கள் என்று மூன்று பேர் மேல் போலீஸ் வழக்குப் போட்டது. கொல்லப்பட்ட இருவரும் யார் தெரியுமா? தெருவில் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களில் ஒருத்தி தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கொச்சிக்குப் போன தமிழ்ப் பெண். பலியாக ஜமீன்தார் வீட்டுப் பெண்ணை யாரும் தேடவில்லை. காணாமல் போனால் கேட்க நாதி இல்லை என்று நினைத்து, அன்றாடங்காய்ச்சியைத் தேடினார்கள். மந்திரவாதம் என்றைக்குமே ஏழையின் கழுத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்ட சட்டம் அந்த வருஷமே அங்கு வந்தது. கர்நாடகத்தில் 2017-ல் சட்டம் நிறைவேறியது. கேரளத்தில் இலந்தூர்க் கொடுமை நடந்த பிறகும் அப்படி ஒரு சட்டம் உடனே வரவில்லை. அப்போது அங்கு ஆட்சியில் இருந்தது இடதுசாரி சர்க்கார். நம்முடையவர்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. சட்டம் மட்டும் போதாது என்பது உண்மை. அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று ஆகிவிடாது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது நம் வீட்டுக்குள் நடக்கிறது. நைட் ஷிப்டில் தூக்கம் கெட்டு, ரத்தம் குறைந்து, கடன்காரன் பேச்சுக்குப் பயந்து, ஒருநாள் ஒரு பெண் மயங்கி விழுந்து ஏதேதோ பேசுகிறாள். வலிப்பாக இருக்கலாம், மன நோயாக இருக்கலாம், வெறும் பசியாகவும் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது டாக்டர், மருந்து, ஓய்வு. கிடைப்பதோ வேப்பிலை அடியும் சாட்டையும். "பேய் பிடித்தவள்" என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் கல்யாணம் நிற்கும், வேலை போகும். கங்கையை எரித்த தீயின் பொறி ஒன்று நம் குடிசையிலும் வந்து விழுகிறது.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. மலையாள நாட்டிலேயே இருக்கிறது.

1898-ல் திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக வாழ்ந்தவர் ஆபிரகாம் கோவூர். அற்புதம் செய்வதாகச் சொல்கிற எவரும் தம் சோதனையில் தேறினால் லட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டார். 1978-ல் அவர் சாகும்வரை ஒருவராலும் அந்தப் பணத்தை வாங்க முடியவில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களிடம் பொறுமையாகப் பேசி, அவர்கள் மனத்தை அறுத்த துக்கம் எது என்று கண்டுபிடித்தார். அவர் கண்ட ஒரு கேஸை வைத்துத்தான் 1972-ல் 'புனர்ஜன்மம்' என்ற மலையாளப் படம் எடுத்தார்கள். அடுத்த வருஷம் அது தமிழிலும் 'மறுபிறவி' என்று வந்தது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-ல் தோன்றியது. விஞ்ஞானம் சமூகப் புரட்சிக்கே என்று கோஷம் எழுப்பி, ஊர் ஊராக நாடகமும் பாட்டும் நடத்தி, விஞ்ஞானத்தைக் கிராமத்துத் திண்ணைக்குக் கொண்டுபோன சங்கம் அது. அந்த மண்ணில் வளர்ந்த மருத்துவ மாணவியைத்தான் சினிமா உடுக்கைச் சத்தத்துக்கு ஆட விடுகிறது!

பேய்ப்படங்களிலும் எல்லாம் ஒரே தரம் அல்ல. 1964-ல் வைக்கம் முகம்மது பஷீர் எழுதி, வின்சென்ட் டைரக்ட் செய்த 'பார்கவி நிலையம்' படத்தில் ஓர் எழுத்தாளன் பேய்வீட்டுக்குக் குடிவருகிறான். அவன் மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. செத்துப்போன பெண்ணோடு பேசுகிறான். அவள் கதையை எழுதுகிறான். அவளைக் கொன்றவன் யார் என்று வெளியே கொண்டுவருகிறான். 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' நமக்கெல்லாம் 'சந்திரமுகி'யாகத் தெரிந்த கதை. அதிலும் கொல்லப்பட்டவள் தஞ்சையிலிருந்து கொண்டுபோகப்பட்ட நாட்டியக்காரி, கொன்றவன் மாளிகைக்காரன். ஆனால் அங்கே மனநோய் டாக்டர் வந்து, இது பேயல்ல, நோய் என்று சொல்கிறார்.

2024-ல் ராகுல் சதாசிவன் எடுத்த 'பிரமயுகம்' இன்னும் ஒரு படி மேலே போனது. தப்பி ஓடிவந்த தேவன் என்ற பாணன் பசியோடு ஒரு மனைக்குள் நுழைகிறான். சோறு போடுகிற எஜமான் அவனைப் பகடை ஆடக் கூப்பிடுகிறான். "பந்தயம் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது?" "உன் காலம் இருக்கிறதே, அதை வை!" தோற்றான், அப்புறம் அந்த வீட்டை விட்டு வெளியேற முடியவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையில் மாட்டிக்கொண்டவனுக்கும், மூன்று வருஷம் கழித்து மொத்தமாகப் பணம் என்று சொல்லி மில் விடுதியில் பூட்டப்பட்ட பெண்ணுக்கும் இந்தப் பகடை ஆட்டம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் படத்தில் பேய் எங்கே இருக்கிறது? பனைமரத்தில் அல்ல. எஜமானின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது!

2025-ல் வந்து பெருவெற்றி கண்ட 'லோகா' படத்தில் அதே கள்ளியங்காட்டு நீலி, ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து அரசனின் கொடுமையை எதிர்த்தவளாக, கதாநாயகியாகவே வந்துவிட்டாள். அதுவும் கற்பனைதான். ஆனால் ஆணி இந்த முறை அவள் தலையில் இறங்கவில்லை. ஜனங்கள் அதை ஏற்று, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆகவே "ஜனங்கள் கேட்கிறார்கள், அதனால்தான் மந்திரவாதியைக் காட்டுகிறோம்" என்ற படமுதலாளியின் சாக்கு இனிச் செல்லாது.

நாம் என்ன செய்வது?

படத்தைத் தடை செய் என்று நாம் கேட்கவில்லை. கொட்டகையைக் கொளுத்து என்றும் சொல்லவில்லை. கொளுத்துவது தம்புரான்களின் வேலை. கண்ணைத் திறந்துகொண்டு பாருங்கள் என்று மட்டும் சொல்கிறோம். இன்று கொட்டகைக்குப் போகாமலே கைபேசியில் எல்லாப் பாஷைப் படமும் வந்துவிடுகிறது. பக்கத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பேய் திரையில் வந்தவுடன் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

இவள் உயிரோடு இருந்தபோது என்ன வேலை செய்தாள்?

இவளைக் கொன்றவன் யார்?

அவனுக்குப் படத்தில் என்ன தண்டனை கிடைத்தது?

பத்து வயதுப் பிள்ளை பதில் சொல்லிவிடும். சொன்ன பிறகு அதற்குப் பயம் போய்விடும், கோபம் வரும். அந்தக் கோபம் நல்லது.

கூலிக்காரன் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள். அவள் டாக்டராகவும் வரலாம். எத்தனை பேர் வயிற்றைக் கட்டி அவளை அனுப்பியிருக்கிறோம்! அவள் படித்துவிட்டு வந்து, மயங்கி விழுந்த அக்காவின் நாடியைப் பிடித்து, "இது பேய் இல்லை, ரத்தச் சோகை. சாப்பாடும் மருந்தும் கொடுங்கள், நைட் ஷிப்டை நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அனுப்பினோம். கோவிலகத்துப் பாவத்தைக் கழுவும் ஹோமத்தில் குனிந்து நிற்பதற்காக அல்ல.

கங்கைகள் செத்தார்கள், உண்மை. அவர்கள் திரும்பி வரமாட்டார்கள்; அதுவும் உண்மை. பனைமரத்தில் யாரும் இல்லை. நியாயம் கேட்க வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாம்தான்.